ஞாயிறு பத்து மணிப் பேச்சு

அம்மாவும் சித்தியும் முப்பத்தோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய விஷயமாக ஒன்றும் இருக்காது. குழாயில் தண்ணீர் வந்ததா, மேல்வீட்டுக்காரன் இன்னும் கட்டிலைத் தரதரவென்று இழுக்கிறானா, இவ்வளவுதான். அப்பா உயிரோடு இருந்தபோது, "ஒரு மணி நேரத்துல உருப்படியா ஒரு விஷயமாவது பேசினீங்களா?" என்று சீண்டுவார்.

"விஷயம் இருந்தாத்தான் பேசணுமா?" என்பாள் அம்மா.

போன மழைக்காலத்தில் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. கருவி வைத்தும் பயனில்லை. அந்த ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தபோது பேசியது சித்தியின் மகள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு நீங்க பேசறது கேக்காது. எழுதி அனுப்பினா படிப்பாங்க."

அம்மா சரி என்றாள். பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பதினான்கு மாடிக் கட்டடத்தில் நடுவே நின்றுபோன பெட்டியைக் கீழே இறக்குவேன். ஒரு கணினியை அம்மாவுக்குப் பழக்குவதா கஷ்டம் என்று நினைத்தேன். கைபேசி எழுத்து அவள் கண்ணுக்குப் பொடி. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டினேன்.

முதல் நாள் அம்மா மவுசை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, "அம்பு எங்கடா போச்சு?" என்றாள். விசையைத் தொட்டால் விடமாட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் துணி தேய்த்த கை, அழுத்தினால் அழுத்தியதுதான். திரையில் 'ப' வரிசையாக நாற்பது நின்றது.

"தொட்டுட்டு எடுத்துடணும்மா."

"இப்படித் தொட்டா அதுக்கு உறைக்குமா?"

எல்லாவற்றையும்விடக் கொம்புதான் படுத்தியது. 'பேசு' என்று அடிக்கச் சொன்னேன். அம்மா விசைப்பலகை முழுக்கத் தேடினாள்.

"கொம்பு எங்க?"

"கொம்பு தனியா கிடையாது. முதல்ல ப, அப்புறம் ஏ."

அடித்தாள். பின்னால் வந்த கொம்பு ப-வுக்கு முன்னால் போய் நின்றது. அம்மா வாயில் கைவைத்தாள். "பாரேன்! கடைசியா வந்துட்டு வரிசையில முன்னாடி போய் நிக்குது. கேக்க ஆளில்லையா?"

சிரித்தோம். ஆனால் எல்லா நாளும் சிரிக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து அலுத்து வந்தவன், பொறுமையில்லாமல், "நீ சொல்லும்மா, நான் அடிச்சு அனுப்பிடறேன்" என்றேன். அம்மா இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"ஏன்?"

"உன்கிட்ட சொன்னா அது உன்கிட்ட சொன்னது. அவகிட்ட சொன்ன மாதிரி இல்ல."

"அப்ப ஒழுங்கா கத்துக்கோ. எத்தனை தடவை சொல்றது?" குரல் எகிறிவிட்டது.

அம்மா கணினியின் மேல் துண்டைப் போர்த்திவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் கருவிப்பை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அம்மா தனியாக உட்கார்ந்து, உதட்டை அசைத்தபடி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்துக்கொண்டிருந்தாள். திரையில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: குட்டி, குட்டி, குட்டி. அறுபத்திரண்டு வயதுச் சித்தியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனேன்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அம்மா முதல் செய்தி அனுப்பினாள். 'குட்டி சாப்பிட்டியா.' பதினோரு நிமிடம் பிடித்தது. பதில் உடனே வந்தது: 'இது அவன் அடிச்சது. அக்காவுக்கு இதெல்லாம் வராது.'

அம்மாவுக்குச் சுருக்கென்றது. 'நான் தான்' என்று அடித்தாள்.

'அக்கான்னா, அன்னிக்கு மொட்டை மாடியில என்ன நடந்துச்சுன்னு சொல்லு.'

அம்மா உள்ளங்கையால் திரையை மறைத்தாள். முகம் சிவந்திருந்தது. "நீ கொஞ்சம் அங்க போ."

நான் சமையலறையில் நின்று இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தேன். தட்டும் சத்தம் நின்று நின்று கேட்டது. பிறகு போன் அடித்தது. அம்மாவுக்குக் கை வேண்டும் என்பதால் ஓடிப்போய் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா! நீயேதான்!" சித்தியின் குரல் வீடு முழுக்க அதிர்ந்தது. தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்தினாள். "எனக்குப் பேச வரும்க்கா. நீ அடி, நான் படிக்கிறேன்."

நான் நகரப் பார்த்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்தாள். "இரு. எழுத்து மாட்டிக்கிட்டா யாரு பார்ப்பா?"

சித்தி பேசினாள். மருமகன் புது வேலைக்குப் போனது, அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்காமல் தீய்ந்தது. நடுவே சட்டென்று நிறுத்தினாள். "அக்கா, இருக்கியா? நீ 'ம்' சொல்லாம எனக்குப் பேச்சே வர மாட்டேங்குது."

அம்மா ம-வைத் தேடினாள், புள்ளியைத் தேடினாள். 'ம்.'

மறுமுனையில் சித்தி அழுவது கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அம்மா இடது கை விரலைப் புள்ளியிலும் வலது கை விரலை ம-விலும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ம் போட்டாள்.

சித்தியின் குரல் ஓய்ந்ததும் வீடு வெறிச்சென்றிருந்தது. அம்மா விரல்களை நீவிக்கொண்டாள்.

"அவ குரலு எனக்குக் கேக்குது. என் குரலு எப்படி இருக்கும்னு அவளுக்கு எத்தனை நாளைக்குடா ஞாபகம் இருக்கும்?"

நான் போனை எடுத்து மின்னூட்டத்தில் போட்டேன்.

இப்போது அம்மா வேகமாகவே அடிக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் போனைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பாள்.

"அவங்களுக்குக் கேக்காதேம்மா" என்றேன் ஒருநாள்.

"தெரியும்டா" என்றாள், விசைகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "சும்மா இரு. அவ காத்துக்கிட்டிருக்கா."