ஹைடன் ஓட்டுப் போட்ட பதினெட்டு வருஷம்

1979 மார்ச் முதல் தேதி காலை ஏழேகாலுக்கு ஓட்டுப் போட, ஜெபக்கூடத்தின் பின்கூடத்தில் மூன்று பலகையும் சாக்குத் திரையுமாக நின்ற மறைப்புக்குள் நுழைந்த ஹைடன் பார்ஃபிட், 1997 செப்டம்பர் பதினெட்டாம் தேதி மாலையில்தான் வெளியே வந்தார். தெற்கு வேல்ஸில் கும்ஹெலிக் சுரங்கத்தில் கரி வெட்டியவர். நுழைந்தபோது வயது நாற்பத்தொன்று. வேல்ஸுக்கென்று தனியாக ஓர் ஆட்சிச் சபை வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் சீட்டிலிருந்த கேள்வி. அவர் மனைவி நெஸ்ட்டா வடக்கே பண்ணை வீட்டில் வேல்ஷ் பேசி வளர்ந்தவள். அவளிடம் "வேணும்"னு போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கூட்டாளி விண்டம் வேறு மாதிரி பயந்தான். சபை வந்தால் அந்தப் பாஷை தெரிந்தவர்களே எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொள்வார்கள், தெற்கத்திக்காரனுக்குக் கரித்தூசிகூட மிஞ்சாது என்றான். பீர் குடித்தபடி அவனிடம் "வேண்டாம்"னு போடுவதாகச் சொல்லியிருந்தார். இரண்டையும் மனதாரத்தான் சொன்னார். அதனால் நூலில் கட்டிய பென்சிலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

இரவு பத்து மணிக்கு அதிகாரி பெட்டியைப் பூட்டினார். ஓட்டுப் போடுகிறவனை எட்டிப் பார்க்கச் சட்டம் இடம் தராது. "ஒருவர் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார். மறுநாள் முடிவு வந்தது. ஐந்தில் நாலு பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். நெஸ்ட்டா ஜெபக்கூடத்தின் பின்கூடத்துக்கு வந்து, "எல்லாம் முடிஞ்சுபோச்சு, வாய்யா வெளிய" என்றாள்.

"முடிஞ்சா என்ன, நான் இன்னும் போடலையே" என்றார் ஹைடன்.

அன்றிலிருந்து சாக்குத் திரைக்கு அடியில் தேநீரும் ஆட்டுக்கறி சூப்பும் தள்ளினாள். தட்டை எடுக்கும்போதெல்லாம், "எந்தப் பக்கம்யா போடப்போற?" என்று கேட்டாள். பென்சில் உருளும் சத்தம்தான் பதில். ஐந்து பொதுத்தேர்தல் வந்து போயின. ஜனங்கள் பக்கத்து மறைப்பில் போட்டுவிட்டு அவர் பூட்ஸைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். சுரங்க வேலைநிறுத்தம் தோற்ற வருஷம் விண்டம் வந்து பலகையில் சாய்ந்து உட்கார்ந்தான். "குடுத்து வச்சவன்டா நீ. நாங்க வெளிய நின்னு தோத்தோம், நீ உள்ள நின்னு தோத்த." பிறகு சுரங்கத்தை மூடினார்கள். விண்டமின் நுரையீரல் அதற்கப்புறம் ஆறு வருஷம் இழுத்தது. அவன் அடக்க ஆராதனையில் அடிக்குரல் பாட ஆளில்லை. சுவருக்கு அப்பாலிருந்து ஹைடன் பாடினார்.

கருத்துக் கேட்க வருகிறவர்கள் அவரையும் விடவில்லை. வேல்ஸ்காரரா, பிரிட்டிஷ்காரரா, இரண்டுமா? "நிக்கிறவன்னு எழுதிக்கோ" என்றார். அவர்கள் "கருத்து இல்லை" என்று எழுதினார்கள். நெஸ்ட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பதினாலு வருஷமா கருத்தத் தவிர அந்த ஆளுகிட்ட வேற என்னடா இருக்கு?"

சபை வேண்டுமா என்ற அதே கேள்வி மறுபடி ஓட்டுக்கு வந்தபோது அவளுக்கு அறுபது நெருங்கியிருந்தது. பக்கத்து மறைப்பில் தும்மல் போடுகிற நேரத்தில் போட்டு முடித்தாள். முழங்கால் வலித்தது. வீட்டில் பாதிக் கட்டில் பதினெட்டு வருஷமாகச் சில்லிட்டுக் கிடந்தது. பலகையில் நெற்றியை வைத்துச் சொன்னாள்: "யோவ், எனக்குக் குடுத்த வாக்க நீயே வச்சுக்க. விண்டமும் போயிட்டான். எத வேணா போடு. சாகுறவரைக்கும் கேக்க மாட்டேன்."

அதிகாரி பழைய சீட்டை வாங்கிக்கொண்டு புதியதை உள்ளே நீட்டினார். பென்சில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை கீறியது. ஹைடன் தலை நரைத்து, கால் வீங்கி வெளியே வந்தார். மூன்று பலகைகளும் அவரைச் சுற்றி நின்றபடியே அவரோடு வந்தன.

அன்றிரவு சேர்ந்து படுத்தார்கள், பலகை நடுவில். விடியற்காலை வானொலியில் சொன்னார்கள்: வேண்டும் என்றவர்கள் நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டியிருந்தார்கள். முட்டை பொரித்துக்கொண்டிருந்த நெஸ்ட்டா திரும்பி அவர் முதுகைப் பார்த்தாள். கேட்க வந்ததை விட்டுவிட்டு முட்டையைப் புரட்டிப் போட்டாள்.

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து பலகையை எடுக்கப் பார்த்தார்கள், அசையவில்லை. தொலைந்த சாமான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு பதினோரு வருஷம் புருஷனும் மனைவியும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டும்போது ஹைடன் பலகையைத் தட்டுவார். அவள் அதற்கு மேலாக நீட்டுவாள்.