ஒரு சாண் முன்னால்

இருநூற்றுப் பதினாறு மணி நேரம் உட்கார்ந்து கட்டிய வண்டியை அத்தான் ஒரே வார்த்தையில் பொம்மை என்றார்.

"பொம்மை முடிஞ்சுதா?" போனில் அவர் குரல் கடைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. "ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. கண்ணாடிப் பெட்டி வந்தாச்சு. பொம்மைதான் பாக்கி."

"முடிஞ்சிரும் அத்தான்," என்றாள் சின்னவள். போனை வைத்ததும், "பொம்மையாம் பொம்மை," என்று கையிலிருந்த இடுக்கியிடம் சொன்னாள். மனிதர்களைவிட இடுக்கியிடம் பேசுவது அவளுக்கு எளிது. வீட்டுக்கு மூத்தவள் அத்தானைக் கட்டிய அக்கா, நடுவில் அண்ணன், கடைசி இவள். மூன்று பேருக்குமான பேச்சை மற்ற இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். வேலை விட்டு வந்தால் ஜன்னலோர மேசையில் வண்டி கட்டுவாள். பிக்கப், ஜீப், மண்மேடு ஏறும் பெருஞ்சக்கர வண்டி, எல்லாம் நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் தகடு வெட்டி உடம்பு, பித்தளைப் பட்டை வளைத்து ஸ்பிரிங், உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்ந்த டயர். பஞ்சுத் துணுக்கில் பெயின்ட் தொட்டு ஒற்றினால் துரு பிடிக்கும்.

இந்த முறை கட்டியது அத்தானின் டைல்ஸ் கடைக்கு முதன்முதலில் வந்த பிக்கப். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பட்டப்பகலில் அது அஸ்திவாரக் குழிக்குள் மூக்குக்குப்புற விழுந்தது. ஏற்றியிருந்த டைல்ஸ் அத்தனையும் தூள். வண்டி பழைய இரும்புக்குப் போனது. ஓட்டியவன் அண்ணன். இது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அத்தான் தெரியப்படுத்தினார். அன்றிலிருந்து அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, கிடங்கில் பெட்டி தூக்குகிறான். வேறு கடையில் போய் வேலை கேட்டால், "ஓ, குழி மச்சானா?" என்று சிரிக்கிறார்கள்.

இப்போது புதுக் கடை, புது பிக்கப். சாவியைத் தனக்குத் தரும்படி அண்ணன் கேட்டுப் பார்த்தான்.

"உனக்குத் தள்ளுவண்டியே அதிகம் மச்சான்," என்றார் அத்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சாவி வேறொரு டிரைவருக்குப் போகப் போகிறது.

வண்டியின் வெளிப்பக்கத்துக்குக் கடைத் திறப்பில் எடுத்த பழைய படம் இருந்தது. உட்பக்கத்துக்கு ஒன்றுமில்லை. "இருக்கே," என்று அத்தான் தன் போனிலிருந்து அனுப்பினார். விபத்தன்று கோபத்தில் சுற்றிச் சுற்றி அவரே எடுத்த படங்கள். சின்னவள் அவற்றைப் பெரிதாக்கி, கதவுச் சட்டத்தை அளவாக வைத்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டாள். கியர் குமிழில் அண்ணன் சுற்றிய கறுப்பு டேப். கண்ணாடி ஏற்றும் பிடிக்குப் பதில் அவன் மாட்டிய ஸ்பானர். அதையெல்லாம் செய்யும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு படத்தில் டிரைவர் சீட்டை அளந்தாள். மறுபடி அளந்தாள்.

சீட்டு, அது நகரும் தண்டவாளத்தின் கடைசிப் பல் வரை முன்னால் இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. அண்ணன் ஆறடி. அவன் ஓட்டும்போது சீட்டு பின் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். இது ஒரு சாண் முன்னால். மாதிரியில் ஒன்பது மில்லிமீட்டர். பெடலுக்கடியில் நீலத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு குஷன் விழுந்து கிடந்தது. அந்தக் குஷனை அவள் பார்த்திருக்கிறாள். கடையில் கல்லா நாற்காலியின் மேல்.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. கோபம் பிறகு வந்தது, வந்தது போகவில்லை.

அண்ணன் மாலையில் வந்து மேசைமேல் குனிந்தான். கியர் குமிழைப் பார்த்துச் சிரித்தான். சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பின்னாடி தள்ளி ஒட்டிடு குட்டி."

"படத்துல இப்படித்தான் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு பேர் திட்டு வாங்கறதுக்கு ஒருத்தன் வாங்கினா போதாதா? எனக்குக் காது மரத்துப் போச்சு."

"எனக்கு மரக்கலையே."

"ஏய், இவ்வளவு பேசுவியா நீ?" என்று அவள் தலையில் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டல்தான் அவளுக்கு எரிகிற கொள்ளியில் எண்ணெயாக இருந்தது. எல்லாவற்றையும் சிரித்தே தட்டிக் கழித்துவிடலாம் என்று நினைக்கிற ஜென்மம்.

சனிக்கிழமை அக்கா வண்டியை எடுத்துப் போக வந்தாள். அக்கா குள்ளம். கல்லாவுக்குப் பின்னால் பலகை போட்டு நிற்பவள். சைக்கிள்கூடக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு, "பொம்பளைக்கு எதுக்கு வண்டி? நான் செத்தா போயிட்டேன்?" என்பார் அத்தான்.

"ஐயோ, அப்படியே இருக்குடி!" என்று அக்கா கைதட்டினாள். வாசலில் செருப்பு மாட்டியவள், நின்று, கையிலிருந்த வண்டியின் முன்கண்ணாடி வழியே மறுபடி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சீட்டு... கொஞ்சம் பின்னாடி இருக்கலாமோ?"

"ஒட்டியாச்சு."

"பிச்சு எடுக்க முடியாதா?"

"முடியும்," என்றாள் சின்னவள். "ஏன் எடுக்கணும்னு சொல்லு. எடுக்கறேன்."

சின்னவள் தீப்பெட்டியைத் திறந்தாள். நகத்தளவு குஷன். நீலம், மஞ்சள் கரை.

"இதையும் செஞ்சிருக்கேன். எங்க வைக்கணும்னு நீயே சொல்லிடு."

அக்காவின் முகம் வெளுத்தது. "நீ ஊமைன்னு நினைச்சேன். ஊமைக்கோட்டான்டி நீ."

"மூணு வருஷமா தினம் அவனைத் திட்டறாரு. பக்கத்துல நின்னு சில்லறை எண்ணிட்டு இருக்க. உன்னால எப்படிக்கா முடியுது?"

"அவன்தான் சொல்லாதன்னான்."

"அவன் அன்னிக்குச் சொன்னான். நீ அதையே மூணு வருஷம் பிடிச்சுக்கிட்ட." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, அந்தச் சோற்றைத் தம்பிக்கே பரிமாறியிருக்கிறாள். சின்னவள் வண்டியைப் பஞ்சுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். தீப்பெட்டியைத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆள். மேஸ்திரிகள், கட்டடக்காரர்கள், அத்தானின் சிநேகிதர்கள். வாசலில் புது பிக்கப் வெள்ளையாக மின்னியது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பழையது. அண்ணன் ஜூஸ் தட்டோடு சுற்றி வந்தான். சாவித் தட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா கல்லாவுக்குப் பின்னால் பலகைமேல் நின்றாள், எதிரே புது டிரைவர் கை நீட்டத் தயாராக இருந்தார். தூணோரம் நின்ற சின்னவளின் கை பைக்குள் தீப்பெட்டியைப் பற்றியிருந்தது.

"இதுதான் என் முதல் வண்டி," என்று அத்தான் பெட்டியைத் தட்டினார். "இதைக் குழியில இறக்கின மகான் அதோ ஜூஸ் கொடுக்கறாரு. ஜூஸையாவது கவுக்காம இருக்கானே, பெரிய விஷயம்!"

கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தான்.

அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் அவள் ஒருவேளை தூணோரமே நின்றிருப்பாள். கால் தானாக நடந்து பெட்டி முன்னால் வந்தது.

அத்தான் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி. இங்க கோட்டை விட்டுட்டியேம்மா. சீட்டை இவ்வளவு முன்னாடியா ஒட்டுவாங்க? உங்க அண்ணன் இதுல உட்கார்ந்தா முழங்கால் மூக்குல இடிக்கும்."

மறுபடி சிரிப்பு.

"ஆமா அத்தான்," என்றாள் சின்னவள். "அவனால இதுல உட்கார முடியாது."

"அப்புறம் ஏன் அப்படி ஒட்டின?"

"நீங்க எடுத்த படம். குழியில கிடக்கறப்ப நீங்களே எடுத்தது. அதுல எப்படி இருந்துச்சோ அப்படி."

அத்தானின் வாயில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார், உச்சி முதல் பாதம் வரை, முதல் தடவை பார்ப்பதுபோல.

"விழுந்த வேகத்துல சீட்டு முன்னாடி வந்திருக்கும் அத்தான்," என்றான் அண்ணன் அவசரமாக. "இவளுக்கு என்ன தெரியும்?"

"பூட்டியிருக்கு," என்றாள் சின்னவள். "பல்லு தெரியுது."

"நீ வாயை மூடு குட்டி!"

"மூணு வருஷம் நீ மூடினது போதும். எனக்கும் சேர்த்து."

ஜூஸ் குடித்தவர்கள் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். புது டிரைவர் சாவிக்கு நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். சின்னவள் தீப்பெட்டியை வெளியே எடுத்தாள். விரல் ஒரு தள்ளு தள்ளினால் போதும். தள்ளவில்லை. அக்காவை நேராகப் பார்த்தாள். வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு நேரம் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்போ வண்டியில யாருடா இருந்தது?" என்று அத்தான் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். தட்டிலிருந்த டம்ளர்கள் உருண்டன. "எவன்கிட்டடா என் வண்டியைக் குடுத்த? சொல்லு!"

அண்ணன் உருண்ட டம்ளர்களைப் பொறுக்கக் குனியப் பார்த்தான்.

அக்கா சாவித் தட்டைக் கல்லாமேல் வைத்தாள். பலகையிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். இறங்கியதும் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள். அத்தானின் கையைத் தம்பியின் சட்டையிலிருந்து விரல் விரலாகப் பிரித்தாள்.

"அவனை விடுங்க," என்றாள். "அன்னிக்கு வண்டி ஓட்டினது நான்."