சோதனைக்குப் போன தண்ணீர்

பாக்டீரியாவைப் பற்றிப் பதினாறு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் தீவில் பா என்கிற ஊரில், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பின் லென்ஸை எந்தப் புண்ணியவானோ கழற்றிக்கொண்டு போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு, உள்ளே குச்சி குச்சியாகக் கீறி, "இதுதான் பாக்டீரியா, வரைஞ்சிக்கோங்க" என்பேன். பிள்ளைகளும் வரைந்துகொள்ளும். ரோஷனி மட்டும்தான் ஒருநாள் கையைத் தூக்கி, "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அந்த ரோஷனி இரண்டாயிரமாவது வருஷம் பிப்ரவரியில் டைபாய்டு வந்து செத்துப்போனாள். அவள் வீட்டில் குடிப்பது மாரியம்மன் கோயில் கிணற்றுத் தண்ணீர். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் கோயில், அதன் பின்னால் கிணறு. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குடிக்க அது ஒன்றுதான்; கூரை மழை விழும் தொட்டித் தண்ணீர் துவைக்கக் குளிக்கத்தான். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து கக்கூஸ் குழிகள் நிரம்பி வழிந்தபோது அந்தக் கிணறும் கலங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். கோயிலை நடத்துகிறவர் பொன்சாமி, ரோஷனியின் தாத்தா. காரியம் முடிந்த பிறகு அவரிடம் போய், "மாமா, அந்தக் கெணத்த மூடிடுங்க" என்றேன்.

"ஆத்தா தண்ணியில அழுக்கா? யாரப் பத்தி இன்னா பேசறன்னு தெரிஞ்சி பேசு டீச்சர்" என்று மனிதர் எழுந்தே போய்விட்டார்.

ஏப்ரலில் ரோஷனியின் தம்பி நவ்னீலுக்கும் வயிற்றால் போக ஆரம்பித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள், கண்ணால் காட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான், விஞ்ஞான ஆசிரியர்கள் மே மாத விடுமுறையில் தலைநகர் சுவாவில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வந்து வேலை பழகலாம் என்றார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் யோகேந்திரா தலையில் அடித்துக்கொண்டார். எங்களுக்கு நியூஸிலாந்து விசா வந்துவிட்டது; ஜூன் மாதம் புறப்பட வேண்டும். "ஊர விட்டே போறோம், இப்பப் போயி என்னாத்த பழகப் போற?" என்று கேட்டார். போவதற்குள் அந்தக் கிணற்றை மூட வைத்துவிட்டுத்தான் போவேன் என்றேன். இவர் சர்க்கரை ஆலையில் பெரிய பெரிய இயந்திரத்தையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர், என்னிடம் மட்டும் எந்த வித்தையும் பலிக்காது.

நான் சுவாவுக்குப் போய்ச் சேர்ந்த வாரமே, பூர்வகுடிகளுக்குத்தான் ஆட்சி என்று சொல்லித் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஊரில் இந்தியர் கடைகளை உடைத்துக் கொளுத்தினார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஒரு தடவை பட்டதையே மறக்காத நம் ஜனங்கள் இந்தத் தடவை நாட்டை விட்டுப் போக யோசிக்கவே இல்லை. "சௌக்கியமா?" என்று யாரும் கேட்பதில்லை, பார்த்த உடனே, விசாவுக்குப் "பேப்பர் போட்டாச்சா?" என்றுதான் கேட்டார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடங்களும் திறக்கவில்லை. ஆய்வகத்தில் மிஞ்சியது நானும் ஆஷாவும்தான்.

ஆஷா என்னிடம் படித்த பெண். நான் முட்டை மார்க் போட்ட பெண் என்றும் சொல்லலாம். இப்போது ஆற்றுத் தண்ணீரை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு எனக்கே உத்தரவு போட்டாள். அவள் பேசியது இந்தி. நான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

"டீச்சர், தட்டத் தெறந்து வெச்சிக்கிட்டுப் பேசாதீங்க. உங்க எச்சிலெல்லாம் அதுலதான் விழுது."

"பதினாறு வருஷம் பேசியே பொழச்ச வாயிடி."

"அதான் சொல்றேன். மூடுங்க."

எரிச்சலாக வந்தது. ஆனாலும் மூடிக்கொண்டேன். கிருமி வளர்கிற கூழ், அகார் என்பார்கள், அதைச் சூடாகக் கண்ணாடித் தட்டில் ஊற்றும்போது பாதி மேஜையில் கொட்டிற்று. கிருமியைத் தொட்டெடுக்கிற கம்பி வளையத்தை நெருப்பில் சிவக்கக் காட்ட வேண்டும், ஆறவிட வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். இதையெல்லாம் நான் வரிசை மாறாமல் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தவள். செய்யும்போது ஆறவிட மறந்துவிட்டேன், சுர்ரென்று சத்தம் கேட்டது. சமையல் தெரிந்த பொம்பிளைக்கு இது வராமல் போய்விடுமா என்று மறுபடி மறுபடி செய்தேன். ஒருநாள் ஆஷா மைக்ராஸ்கோப்பைத் திருகிவிட்டு, "இப்பப் பாருங்க" என்றாள். பார்த்தேன். நான் வரைந்த மாதிரி அவை அடுக்கி வைத்த குச்சிகளாக இல்லை. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அலைந்தன. ஐயோ, ரோஷனி இதைப் பார்த்திருக்க வேண்டுமே என்று அழுதுவிட்டேன்.

கை பழகிய உடனே ரோஷனியின் அம்மா லீலாவதிக்குப் போன் போட்டேன். பொன்சாமியின் மருமகள். அந்த வீட்டில் தமிழ் பேசாவிட்டால் சோறு கிடையாது என்பதால் அவளுக்கும் தமிழ் வரும். "கெணத்துத் தண்ணி ஒரு பாட்டில் வேணும் லீலா, பல்கலைக்கழகத்துல பாக்கணும்" என்றேன். பொன்சாமியே சம்மதித்துவிட்டாராம். "பாக்கட்டும், ஆத்தா தண்ணி எப்பிடின்னு அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்" என்றாராம். மறுநாளே பஸ் டிரைவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் வந்து சேர்ந்தது. பளபளவென்று தேய்த்த பாட்டில், மூடிக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி.

தண்ணீரை ஒரு வடிகட்டிக் காகிதத்தில் வடித்து, அந்தக் காகிதத்தைத் தட்டில் வைத்துச் சூட்டுப்பெட்டியில் வைத்தோம். மனித மலத்திலிருந்து வரும் கிருமி இருந்தால் மறுநாள் நீலப் புள்ளி புள்ளியாக முளைக்கும் என்றாள் ஆஷா. மறுநாள் பார்த்தால் ஒன்றும் இல்லை. துடைத்துவைத்த மாதிரி இருந்தது தட்டு. அப்படியென்றால் கிணறு சுத்தம். பொன்சாமி சொன்னது சரி. நான்தான் துக்கம் நடந்த வீட்டில் போய் வாய்க்கு வந்ததைப் பேசியவள்.

ஆஷா தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கரும்புக் காட்டுக் கெணறு டீச்சர். மண்ணுக் கிருமியாவது நாலு இருக்கணுமே. சுவா குழாத் தண்ணியவிட இது சுத்தமா இருக்கு. காய்ச்சினாங்களா என்ன?"

"யாராவது சோதனைக்கு அனுப்புற தண்ணியக் காய்ச்சுவாங்களா? அறிவு கெட்டுப் பேசாத" என்று அவளைத் திட்டிவிட்டு, லீலாவதிக்குப் போன் போட்டேன்.

"ஆமா டீச்சர், காய்ச்சித்தான் அனுப்புனேன்" என்றாள் அவள், என்னமோ பாராட்டுக்கு அழைத்த மாதிரி. "நல்லா கொதிக்க வெச்சி, ஆறவெச்சி, வேட்டித் துணியில வடிகட்டி ஊத்துனேன். பெரிய எடத்துக்குப் போற தண்ணி. படிச்சவங்க எடுத்துப் பாப்பாங்க. தூசி தும்போட அசிங்கமா அனுப்பினா நம்ம வீட்டப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

எனக்குச் சிரிப்பதா, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. விருந்தாளி வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவது போலத் தண்ணீரை அனுப்பியிருக்கிறாள். நம் ஜனங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள் இதை! ஆஷாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனால் அவளுக்கும் நாள் இல்லை. திங்கட்கிழமை பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறுகிறாள். அதற்குள் ஆய்வகச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு பூட்டுத்தான், எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. "நவ்னீல் எப்பிடி இருக்கான்?" என்று போனில் கேட்டேன். "இன்னும் சரியாவல டீச்சர், நேத்துலேருந்து ஒடம்பும் சுடுது" என்றாள். நான் அன்றைக்கே பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் சிப்பாய்கள். சுற்றுலாக்காரர்கள் ஊரான நாண்டி வந்தபோது மார்டின்டார் பகுதி ஹோட்டல்களில் ஒரு வெள்ளைக்காரனைக் காணோம். வீட்டுக்குப் போனால் யோகேந்திரா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சட்டி பானையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. "வந்துட்டியா, அப்பாடா" என்றார். "தண்ணி எடுக்க வந்தேன், காலையில திரும்பிப் போறேன்" என்றேன். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. ரோட்டுல சுட்டுப் போட்டா யாரு கேப்பாங்க?" என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். கடைசியில் அவரே காலையில் கிணற்றடிக்குக் கொண்டுபோய் விட்டார்.

அங்கே பொன்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றார். "நானும் வரேன். நீ பாட்டுக்கு வழியில எதனா கலந்துட்டேன்னா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதுவும் நல்லதுதான் என்று பட்டது. தானே எடுத்த தண்ணீரைத் தானே பார்க்கட்டும். ஆஷா கொடுத்த பாட்டிலில் அவரே வாளியிலிருந்து ஊற்றினார். பெட்டியில் போட மீன் கடை ஐஸ் வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "ஆத்தா தண்ணி பக்கத்துல மீன் ஐஸா! சீ!" என்று அத்தனையையும் கொட்டிவிட்டார். லீலாவதி தன் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸைச் சுரண்டிக் கொண்டுவந்து நிரப்பினாள்.

சுவா போகும்வரை அவர் அந்தப் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. நவுவாவுக்குக் கொஞ்சம் முன்னால் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். பொன்சாமி அவனுடைய பூர்வகுடி மொழியிலேயே, இது எங்கள் தெய்வத்தின் தண்ணீர், மூடியைத் திறக்காதே தம்பி என்றார். அவன் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்தான்.

அன்று சாயங்காலம் ஊரடங்குக்கு முன்னால் நானே வடிகட்டி, நானே தட்டில் வைத்தேன். ஒரு துளியும் சிந்தவில்லை. ஆஷா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொன்சாமி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நான் எதையாவது கலக்கிறேனா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் சூட்டுப்பெட்டியைத் திறந்தோம். தட்டு முழுக்க நீலம். எண்ண முடியாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு முளைத்திருந்தது. இந்த நிமிஷத்துக்காக நான் எத்தனையோ வசனம் தயாராக வைத்திருந்தேன். நான் அப்பவே சொல்லல? யார் பேச்சைக் கேட்டீங்க? எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"இத்தினியும் உசுரா?" என்று கேட்டார் பொன்சாமி.

"ஆமா மாமா. மனுசன் கழிவுலேருந்து வர்றது. இது டைபாய்டு கிருமி கிடையாது. ஆனா இது இருக்கற தண்ணியில அதுவும் வந்துடும்."

அவர் தட்டைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "புள்ளைக்குக் காச்சல்ல தொண்ட காயுதுன்னு சொல்லிச்சி. நான்தான் தீர்த்தம் தீர்த்தமா ஊத்துனேன் டீச்சர். ஆத்தா காப்பாத்துவான்னு இந்தக் கையால ஊத்துனேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. நான் தயாராக வைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. "காச்சல் வந்தப்புறம் குடுத்ததால இல்ல மாமா, அதுக்கு முன்னாடியே" என்று ஏதோ ஆரம்பித்தேன். அதுவும் ஆறுதலாக இல்லை என்று தெரிந்து நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். "லீலா, கெணத்துமேல தகரத்தப் போட்டு மூடச் சொல்லு. யாரும் எடுக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். அந்தப் பக்கம் அவள் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

நான் சொன்னேன். மறைக்காமல், தட்டில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே சொன்னேன். பிறகு அவள் குரல் வந்தது.

"காய்ச்சினா இதெல்லாம் செத்துடுமா டீச்சர்?"

"செத்துடும் லீலா."

"அன்னிக்குக் காய்ச்சினனே, அதுல ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே. பெரிய எடத்துக்குன்னு காய்ச்சினேன். எம் பொண்ணுக்கு ஒரு நாளும் காய்ச்சித் தரலியே டீச்சர்."

ஆஷா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அடுத்த சனிக்கிழமை எனக்கும் விமானம். இங்கிருந்து என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நவ்னீல் முழிச்சிருக்கானா?"

"இருக்கான்."

"மழைத் தொட்டித் தண்ணிய எடு. கெணத்துது வேணாம். இப்பவே அடுப்புல வை. அவன் குடிச்சதும் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கினு போ. நான் போன வெக்கல."

ரிசீவரை அவள் மேஜைமேல் வைப்பது கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், விறகை ஒடிக்கும் சத்தம். பையன் ஏதோ கேட்டான், அவள் பதில் சொன்னாள். பொன்சாமி என் தோளுக்குப் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார். வெகுநேரம் நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

"கொதிக்குது டீச்சர்" என்றாள் லீலாவதி.

"இறக்கிடாத" என்றேன். "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்."