கழுத்து டாக்டரின் சீட்டு

எங்கள் ஊர் அதியமான்கோட்டை. எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நான் இரண்டு முறை கோட்டை விட்டவள். ஊர்ப் பெயருக்குப் பொருத்தமாக இருக்கிறாள் என்று கேலி பேசாத ஆள் கிடையாது. என் அண்ணன் சின்னப்பன் மட்டும் பேசியதில்லை. அதனால்தான் அவன் கூப்பிட்டதும் எதற்கு என்று கேட்காமல் பஸ் ஏறினேன்.

நல்லம்பள்ளிக்குப் புதிதாக ஒரு கழுத்து டாக்டர் வந்திருந்தார். அண்ணன் அவரிடம்தான் கூட்டிப்போனான். நெட்டி முறித்துவிட்டால் மூளைக்கு ரத்தம் ஏறும், படித்தது மறக்காது என்றார். முதலில் ஒரு சீட்டிலிருந்து பதினைந்து வார்த்தைகளைப் படித்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். ஏழுதான் வந்தது. பிறகு தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. மளுக்கென்றது, உயிர் போய் வந்தது. மறுபடி சீட்டைப் படித்தார். பன்னிரண்டு சொன்னேன். எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அதன்பின் ஐந்து மாதம் விடியற்காலையில் எழுந்து கணக்குப் போட்டேன். எண்பத்தாறு அக்டோபரில் ஐம்பத்திரண்டு மார்க் வாங்கித் தேறினேன். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தார்கள். 'மந்தபுத்திப் பெண் கழுத்து வைத்தியத்தால் தேறினாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே சகாயமேரி என்று என் பெயர், ஊர், போட்டோ. அந்தப் போட்டோ எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது.

நேராக நல்லம்பள்ளி போனேன். டாக்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. என் அண்ணன் நோட்டில் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தான். அவன் அங்கே வேலை பார்ப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டாக்டர் படித்தார்: பூட்டு, வெல்லம், தபால்காரர்... எனக்குப் படித்த அதே வார்த்தைகள். நெட்டி முறித்துவிட்டு மறுபடியும் பூட்டு, வெல்லம், தபால்காரர். ஒரே சீட்டை இரண்டு தடவை கேட்டால் யாருக்குத்தான் நாலைந்து வார்த்தை அதிகமாக வராது? கழுத்தைத் தொடாமலே வரும்.

அண்ணனை வெளியே கூப்பிட்டேன்.

"இது உனக்குத் தெரியுமாண்ணா?"

"சேந்த அன்னிக்கே தெரியும். மொதல்ல காட்டறதுக்கு ஒரு ஆளக் கூட்டியான்னாரு."

"அதுக்கு நான்தான் கெடச்சனா?"

"மக்குப் புள்ளையா வேணும்னாரு மேரி. நம்ம வூட்லயே நீ இருக்கறப்போ வெளிய யாரப் போயிக் கேக்கறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரேஷன் கடை திறந்திருக்கிறது என்பதுபோல் சொன்னான். ஊரே கேலி பேசியபோது இவன் வாய் திறக்காததை அன்பு என்று நினைத்திருந்தேன். அவர்கள் வாய்விட்டுச் சொன்னதை இவன் மனதில் வைத்திருந்தான், அவ்வளவுதான். 

உள்ளே போய் அந்த அம்மாவிடம், "வேற வார்த்தைங்களப் படிச்சுக் கேக்கச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அவர் டாக்டரைப் பார்த்தார். "படிங்க சார், பாப்பம்."

டாக்டர் வாட்சைப் பார்த்து, இன்றைக்கு இது போதும் என்றார். அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அண்ணன் என் பின்னாலேயே ரோடு வரை வந்தான். கண் கலங்கியிருந்தது.

"கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியே மேரி" என்றான். அதை அவன் நிஜமாகவே நம்பிச் சொன்னான்.