இனிக்காத கிழங்கு

நோரீன் காட்டிய இலையை வெர்லா திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வெர்லாவே அதை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் ஐடஹோ மலைப்புல்வெளியில் வெர்லாவின் வீட்டார் கோடைதோறும் யாம்பா தோண்டுவார்கள். கேரட் இனத்துக் காட்டுச்செடி. விரல் அளவுக் கிழங்கு பச்சையாகவே இனிக்கும். தோண்டும் பருவத்தில் நூல் போன்ற இலைகள் காய்ந்துபோய், வெள்ளைக் குடைப்பூ மட்டும் நிற்கும். அதனால் வெர்லா செடியைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்ப்பாள். அம்மா தோண்டிய இடமென்றால் போதும். முதல் கிழங்கைத் தோண்டியவர் தின்னாமல் கூட வந்தவருக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம்.

அந்த வருஷம், மரத்தைக் கடித்து அணை கட்டும் பீவர்கள் ஓடையை அடைத்திருந்தன. புல்வெளியில் பாதி சதசதவென்று கிடந்தது.

"அண்ணி, இந்தத் தண்டு பருமனா இருக்கு. இலையும் பச்சையா, ஓரமெல்லாம் பல்லு பல்லா," என்றாள் நோரீன். வெர்லாவின் தம்பி ஆர்லனின் மனைவி.

"வந்து ரெண்டு கோடை ஆகல, எனக்கே செடி காட்டுறியா? எங்கம்மா முட்டி போட்டுத் தோண்டின இடம் இது."

"அவங்க முட்டி போட்டப்போ இங்க தண்ணி இல்லையே அண்ணி."

ஆர்லன் சிரித்தான். "சண்டைய அப்புறம் வச்சுக்குங்க, பசிக்குது. கொடு அக்கா."

வெர்லா முதலில் தோண்டிய கிழங்கைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தாள். அவன் ஒரு கடி கடித்தான். மென்றவன் ஒரு கணம் நிறுத்தினான், பிறகு விழுங்கினான்.

நோரீன் பையிலிருந்த இன்னொன்றைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தாள். யாம்பா உள்ளே வெள்ளையாய், கெட்டியாய் இருக்கும். இது உள்ளே அறை அறையாகக் குடைந்திருந்தது. மஞ்சளாய்ப் பால் கசிந்தது. ஓடைக்கரையில் மாடுகளைக் கொல்லும் செடி அது.

"துப்புடா," என்றாள் வெர்லா.

"முழுங்கிட்டேன் அக்கா." மிச்சத்தைக் கீழே போட்டான்.

நோரீன் டிரக்கை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். போனில் சிக்னல் இல்லை. வெர்லா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பையில் கெட்டியானவையும் இருந்தன, குடைந்தவையும் இருந்தன. எதைக் கொடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இனிச்சுதா?" என்று கேட்டாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான். "இல்ல."

"அப்புறம் ஏன்டா முழுங்கின?"

"நோரீன் பாத்துக்கிட்டிருந்தா. அவ முன்னாடி நீ கொடுத்தத எப்படித் துப்புறது?"

மலை இறங்குமுன் அவனுக்கு வலிப்பு வந்தது.

ஆர்லன் பிழைத்துக்கொண்டான். அந்த நாளில் பாதி அவனுக்கு நினைவில்லை, டிரக்கில் சொன்னதும் நினைவில்லை. நோரீன் இப்போதும் மேட்டுப்பக்கம் போய்த் தோண்டுகிறாள், ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்த பிறகே பையில் போடுகிறாள். வெர்லா அதன்பின் தோண்டவே போகவில்லை. போன பனிக்காலத்தில் இறந்துபோனாள்.