வெள்ளைத் தலைக் குருவிகள்

2006 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, பிரெஞ்சு பேசும் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்த பிலோமினாவின் மொட்டைத் தலையில் இடுப்புவரை வெள்ளை முடி வளர்ந்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்த கணவர் செபமாலைக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. இருவருக்கும் நாற்பது வயதாகவில்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.

பிலோமினாவுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டியிருந்தது. கோடையைக் காணமாட்டாள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் மாலைதான் மேல்மாடி அனுசூயா அவளைப் பார்க்க வந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டு ஓவியம் கற்பிக்கிற சென்னைக்காரர். கட்டிலுக்கு எதிரே, வான்கூவருக்குக் குடிபோன சீன அயலவர் கொடுத்துவிட்டுப்போன படம் தொங்கியது: பூத்த பியோனிக் கிளையில் வெள்ளைத் தலைக் குருவிகள் இரண்டு. அதன் பொருள் என்னவென்று பிலோமினா கேட்டாள். சீனர்கள் பறவையையும் பூவையும் வெறும் அழகுக்காக வரைவதில்லை, அது ஒரு வாழ்த்து என்றார் அனுசூயா. “பியோனின்னா செல்வம். குருவிங்க புருஷன் பொண்டாட்டி. தலை நரைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா இருக்கணும்னு அர்த்தம்.”

காலையில் கண்ணாடி பார்த்த பிலோமினா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். செபமாலை படத்தைப் பார்த்தார். குருவிகளின் தலை கரியாகக் கறுத்திருந்தது.

“நரைக்கும்வரைக்கும் எண்டெல்லோ சொன்னவா,” என்றாள் பிலோமினா. “நரைச்சுப்போச்சு. அப்ப என்ரை காலம் முடிஞ்சுதோ?”

அழைத்துவரப்பட்ட அனுசூயா இருவரையும் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்று படத்தை நெடுநேரம் பார்த்தார். “வரைக்கும்ங்கிறது நான் சேர்த்துச் சொன்னதுங்க,” என்றார். “பூ இருக்கு, ஜோடி இருக்கு, வெள்ளைத் தலை இருந்துச்சு. முடிவுன்னு எதையும் இதுல வரையலை.”

பிலோமினா நம்பவில்லை. ஈஸ்டர் போனது, பனி உருகியது; அவள் சாவை எதிர்பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஜூனில் மருத்துவமனையில் திரும்பத் திரும்ப ஸ்கான் எடுத்தும் நோயைக் காணவில்லை. மருத்துவர் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தலைக்குச் சாயம் பூசிப் பார்த்தார்கள், குளித்ததும் வெளுத்தது.

ஓகஸ்டில் இருவரும் நெரிசலான பேருந்தில் ஏறினார்கள். மாணவி ஒருத்தி “மதாம்” என்று எழுந்து இடம் கொடுத்தாள். யாருக்கு என்று பிலோமினா திரும்பிப் பார்த்தாள். பிறகு மெர்சி என்று நன்றி சொல்லி உட்கார்ந்தாள். செபமாலைக்கும் ஒருவர் எழுந்தார். அவர் கூச்சத்தோடு நின்றார்.

“இருங்கோவன்,” என்றாள் அவள், காலியான இடத்தைக் காட்டி. “தந்தா இருக்கவேணும்.”