வாளி வைத்தவர்களின் ஆறு

மழையே பார்க்காத இரண்டு அண்டை நாடுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த ஆறு, போன வருடம் சீனப் பெருநாள் கழிந்த வாரத்தில் அங்கிருந்து கிளம்பி வந்து, சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீடொன்றில் குடியிருக்கும் இசபெல்லின் கொல்லைப்பக்கம் ஓட ஆரம்பித்தது. அதை யார் எவ்வளவு எடுப்பது என்று இரண்டு நாடுகளும் நாற்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை நடத்தினவாம். ஆறுதான் எவ்வளவு கேட்டுக்கொண்டிருக்கும், பாவம். லயத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. குழாயில் காற்று மட்டும் வந்த மாதம் அது. தண்ணீர் லோரிக்காகக் காலி வாளிகளை வரிசையில் வைத்து இடம் பிடித்து, வெயிலில் காய்ந்த சனம். வந்த தண்ணீரிடம் ஊர் பேர் விசாரிப்பார்களா?

இரண்டு நாட்டுத் தூதர்களும் கோட்டு சூட்டோடு வந்து இறங்கினார்கள். யார் முதலில் வாசற்படி ஏறுவது என்பதிலேயே பொழுது சாய்ந்தது. ஆற்றைத் திருப்பி அனுப்பாவிட்டால் போலீஸ் வருமாம் என்று, லோபாக் ஊரிலிருந்து மொழிபெயர்க்க வந்த ஷாமினி சொன்னாள். ஆறு போனால் மறுபடி லோரிதான். ஆனால் இசபெல்லுக்குப் பயத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது.

“வாளி எங்கன்னு கேளும்மா.”

“என்ன வாளி, ஆண்ட்டி?”

“தண்ணிக்கு வந்தா வாளி வைக்கணும் லா. இங்க அதான் சட்டம்.”

மறுநாள் விலைச்சீட்டு கூடக் கிழிக்காத பிளாஸ்டிக் வாளிகளை டிரைவர்கள் தூக்கிவர, தூதர்கள் பின்னால் வந்தார்கள். இசபெல் எட்டி உதைத்தாள். இரண்டும் உருண்டன. “ஒங்க ஊர்ல தண்ணி சொமக்கறது யாரு? அவங்கள வரச் சொல்லு. அவங்க கேட்டா நான் யாரு தடுக்க?” சொன்னபடி போலீஸும் வந்தது. ஆற்றை எப்படி ஜீப்பில் ஏற்றுவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனது.

அந்த நாடுகளில் தண்ணீர் சுமக்கும் பெண்கள் ஆற்றின் கரையோடு நடந்தே வந்து சேர்ந்தார்கள். கையில் நெளிந்த தகர வாளிகள். இரண்டு நாட்டுக்காரிகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை, வாளிகளை மட்டும் ஒரே வரிசையில் வைத்தார்கள். யாரும் யாருடைய வாளியையும் நகர்த்தவில்லை. நிரப்பிக்கொண்டு ஊருக்குப் போனார்கள், மறுநாளும் வந்தார்கள். தூதர்கள் இன்னும் போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டலில் மேசை வட்டமா சதுரமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று இசபெல் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டாள். எழுந்து ஓடினால் வரிசை லயத்தைத் தாண்டிக் கோயில்வரை நீண்டு கிடந்தது. கொல்லை அவளுடையது, ஆறு தேடி வந்ததும் அவள் வீட்டைத்தான். முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் போய்த் தன் வாளியை வைத்தாள்.